ஆத்தங்குடிப் பூக்களைக் கலக்கும் ஹாப்ஃபீல்டு வலை: உதவி தேவை

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களின் பூ வடிவங்களை ஹாப்ஃபீல்டு வலையமைப்பில் (சேமித்த வடிவத்தை அதன் ஒரு துண்டிலிருந்தே மீட்டெடுக்கும் நியூரான் வலை) ஏற்றிப் பார்க்கிறேன். உடைந்த கல்லைக் காட்டினால் முழுப் பூவும் வர வேண்டும் என்பதுதான் ஆசை.

20க்கு 20 கட்டம், ஆக 400 நியூரான்கள். நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு எடைகளுக்கு ஹெப் விதி (ஒரே நிலையில் சேர்ந்திருக்கும் இரண்டின் இணைப்பை வலுவாக்குவது). தொடர்பற்ற வடிவங்களென்றால் நியூரான் எண்ணிக்கையில் 0.138 மடங்கு, அதாவது 55 வரை தாங்க வேண்டும். எனக்கோ ஒன்பதிலேயே தகராறு. முகப்புக் கல்லில் பாதியைக் கொடுத்தால், மூன்று பூக்களிடம் பெரும்பான்மை வாக்கெடுத்தது போல ஒரு கலப்படப் பூ ஆற்றல் பள்ளத்தில் (ஆற்றல் குறைந்து வலை வந்து நிலைக்கும் இடம்) சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. அப்பத்தா பார்த்துவிட்டு, "இது எந்த வீட்டுக் கல்லப்பா?" என்றார். ஒருமுறை கறுப்பு வெள்ளை தலைகீழாகவும் வந்தது. அது புரிகிறது, எல்லாக் குறிகளையும் திருப்பினாலும் ஆற்றல் மாறாது.

எல்லாக் கற்களிலும் நடுவில் வட்டம், நான்கு மூலைகளிலும் ஒரே இதழ். இந்தச் சாயல்தான் வினையோ? சராசரியைக் கழித்துப் பார்த்தேன், கொஞ்சம்தான் தேறியது. போலி நேர்மாறு அணி விதிக்கு (வடிவங்களின் சாயலையும் கணக்கில் எடுத்து எடை போடும் முறை) மாறலாமா, அல்லது வெப்பநிலையை, அதாவது நியூரான்கள் நிலை மாறுவதில் உள்ள தற்செயலைச் சற்று ஏற்றினால் கலப்பு நிலைகள் கரையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். நிரல் பைத்தானில் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.