டிஎன்எஃப்பை உடம்பின் எதிரி என்பது சரியா?

நுண்நோக்கி:
"டிஎன்எஃப் புரதம்தான் உடம்பின் எதிரி, முழுசா அடக்கணும்" என்று இங்கே ஒரு பதிவு. எனக்கு உடன்பாடில்லை. டிஎன்எஃப் என்றால் ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர், கட்டியைக் கருக்கும் காரணி. 1975-ல் எலிகளின் புற்றுக்கட்டியைக் கருக வைத்ததால் கிடைத்த பெயர் அது. பார்க்கிற வேலையோ பெரியது. நுரையீரலில் காசநோய்க் கிருமி புகுந்தால் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து கிரானுலோமா என்ற அரணைக் கட்டுகின்றன. டிஎன்எஃப் இல்லாவிட்டால் அந்த அரண் சரியும், உறங்கிக் கிடந்த கிருமி எழும். டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-லேயே பதிவு செய்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே.

விடியல்:
அந்தப் பதிவு என்னுடையதுதான். முடக்குவாதம் வந்து பார்த்திருக்கிறீர்களா? காலையில் விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். சட்டைப் பொத்தானை மகள்தான் போட்டுவிடுவாள். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் எடுத்தபோது கேட்கவில்லை. டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி ஆரம்பித்த மூன்றாவது வாரம் பொத்தானை நானே போட்டேன். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற ஆராய்ச்சியாளர்கள் மூட்டுத் திசு செல்களில் இந்த ஒன்றைத் தடுத்தபோது வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு புரதமான இன்டர்லூகின்-1-ம் சேர்ந்து குறைந்தது. தலையைப் பிடித்தால் வால் அடங்குகிறது. பிறகு எதிரி என்று சொல்லாமல் என்ன சொல்வது?

நுண்நோக்கி:
உங்கள் மூட்டில் அது செய்த அநியாயத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு லெனர்செப்ட் என்ற மருந்தைக் கொடுத்து இதே டிஎன்எஃப்பைத் தடுத்தார்கள். நோய் குறையவில்லை, அடிக்கடி தாக்கியது. 1999-ல் வெளிவந்த முடிவு அது. ஒரு உறுப்பில் கெடுதல் செய்வது இன்னொன்றில் காவல் நிற்கிறது.

அணில்வால்:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். என் அண்ணனுக்கு மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமலே ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது மாதம் தினமும் சாயங்காலம் காய்ச்சல், கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி. நிணநீர்க்கணுவில் காசநோய்.

விடியல்:
படிக்கவே மனசு பதறுகிறது. எனக்கு முதலில் மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள், அதை எழுதாமல் விட்டது என் தப்பு. இப்போதே முதல் வரியில் சேர்க்கிறேன். ஆனால் நுண்நோக்கி, உங்கள் பதிவைப் பார்த்துப் பயந்து ஒருவர் ஊசியை நிறுத்தினால் அவர் எலும்பு அரிக்கும். அரித்தது திரும்பாது.

நுண்நோக்கி:
நியாயம். "மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று என் பதிவிலும் சேர்க்கிறேன். "முழுசா அடக்கணும்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்களேன்.

விடியல்:
எடுத்துவிட்டேன். "எதிரி" இருக்கட்டும். என் மூட்டுக்கு அது எதிரிதான்.