ஹிப்னோதெரபி (ஹிப்னாடிச முறையில் மனதைத் தளர்த்திச் செய்யும் சிகிச்சை) எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

வயது 34, வீரவநல்லூர். வேலை பாளையங்கோட்டையில். மூன்று வருடமாக ஐபிஎஸ் என்கிற குடல் தொந்தரவு. காலையில் பஸ் சேரன்மகாதேவி தாண்டியதும் அடிவயிறு முறுக்க ஆரம்பிக்கும். முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி, சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்து உட்கார்ந்திருப்பேன். இரண்டு முறை பேட்டையிலேயே இறங்கி ஓடியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் இல்லை.

கொலனோஸ்கோபி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் மெபெவெரின் மாத்திரை ஒன்றரை வருடம் சாப்பிட்டேன், முதல் இரண்டு மாதம்தான் கேட்டது. பால், கோதுமை நிறுத்தியாயிற்று. ஓமத் தண்ணீர் தினமும். ரயிலுக்கு மாறிப் பார்த்தேன், கழிப்பறை இருக்கும் தைரியத்தில் வலி குறைந்தது, ஆனால் ஷிப்டுக்கு நேரம் ஒத்துவரவில்லை.

போன வாரம் டாக்டர் ஹிப்னோதெரபி யோசிக்கச் சொன்னார். ஆச்சிக்குப் பயம்: "மயக்கிப் போட்டு மனசுல உள்ளதெல்லாம் வாங்கிருவாவ." நான் வாசித்தவரை அது தூக்கமோ மயக்கமோ இல்லை, நினைவு இருக்கும், வேண்டாம் என்றால் எழுந்துவிடலாம். ஒரு வருட மருந்துக்கும் கேட்காத ஐபிஎஸ்-க்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் தரும் நைஸ் (NICE) அமைப்பு 2008-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதுதான் பிடிபடவில்லை.

குடல் பிரச்சினைக்காக முறையாகப் படித்த மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ இதை எடுத்தவர்கள், முதல் நாள் என்ன செய்தார்கள், எத்தனையாவது அமர்வில் மாற்றம் தெரிந்தது என்று சொல்ல முடியுமா?