ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் (வாட்ஸ்அப் குழு): கபடிக்கு ரெண்டு டிரம்

வியாழன், மாலை 6:12

முருகன் மாமா: சனிக்கிழம நம்ம பசங்களுக்கு மூணு மேட்ச். ஞாயிறு காலைல செமி. சனி ராத்திரி அந்த சுடுதண்ணி, ஐஸ் தண்ணி மாத்தி மாத்தி இறங்குறது செய்யலாமா செல்வி? என்னென்ன வேணும்னு சொல்லும்மா, இப்பவே ஏற்பாடு பண்ணிருதேன்.

சுடலை: சித்தி 🙏

செல்வி சித்தி: செய்யலாம் அண்ணாச்சி. ரெண்டு 200 லிட்டர் டிரம், மேல் மூடி முழுசா கழட்டுற மாதிரி. ஒண்ணுல 38லேருந்து 40 டிகிரி, இன்னொண்ணுல 12லேருந்து 15. தொடை வரைக்கும் தண்ணி நிக்கணும், தண்ணியோட அழுத்தமும் காலுக்கு நல்லது. வழக்கமா ஒரு நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்துவாங்க. டிரம்முல ஏறி இறங்கணும், அதனால ரெண்டு நிமிஷம் சூடு, ரெண்டு நிமிஷம் குளிர், நாலு சுற்று. 16 நிமிஷம். குளிர்ல முடிக்கணும்.

கார்த்தி: லாக்டிக் ஆசிட் எல்லாம் வெளியேறிரும் 💪

செல்வி சித்தி: அது இல்ல கார்த்தி. லாக்டிக் ஆசிட் விளையாடி முடிச்ச ஒரு மணி நேரத்துல உடம்பே காலி பண்ணிரும். மறுநாள் வர்ற வலி, தசை நார்ல விழுற நுண்ணிய கிழிசலால. ரெய்டர் பாய்ஞ்சு போயி சட்டுனு நின்னு திரும்புதான் பாரு, அப்ப தசை நீண்டுக்கிட்டே இழுக்கும். அதுல தான் கிழியும். 24 மணியிலேருந்து 72 மணி நேரத்துக்குள்ள வலி உச்சத்துக்குப் போகும். சூட்டுல ரத்தக்குழாய் விரியும், குளிர்ல சுருங்கும், வலியும் மரக்கும். சும்மா உக்காந்திருக்கறதவிட இது மேல். ஆனா தூக்கமும் சாப்பாடும் இல்லாம இத மட்டும் செஞ்சா ஒண்ணும் நடக்காது.

கோமதி அத்தை: சனி ராத்திரி சாப்பாடு என் பொறுப்பு. எத்தன பேரு?

முருகன் மாமா: 12

முருகன் மாமா: மேட்சுக்கு நடுவுலயும் இறக்கலாமா?

செல்வி சித்தி: வேண்டாம். ஒரு மணி நேரத்துல அடுத்த மேட்ச்னா குளிர்ந்த தசைல வேகம் வராது. நடுவுல நிழல்ல உக்காந்து, தண்ணி குடிச்சு, கழுத்துல ஈரத்துண்டு. டிரம்மு கடைசி மேட்சுக்கு அப்புறம் தான்.

ராஜாமணி பெரியப்பா: ஐஸ் எவ்வளவு வாங்கணும். துறைமுகத்துப் பக்கம் சொல்லி வைக்கேன்

செல்வி சித்தி: ஆளு இறங்குனா தண்ணி ஏறும் அத்தான், அதனால டிரம்முல 130 லிட்டர் போதும். குழாத்தண்ணி 27 டிகிரின்னு வச்சா, 15க்குக் கொண்டுவர 16, 17 கிலோ ஐஸ். ஒவ்வொருத்தன் இறங்கும்போதும் சூடேறும், அதனால இன்னொரு 15 கிலோ சாக்குல சுத்தி, உமி போட்டு வைக்கணும். ஐஸ உடைச்சுப் போடுங்க. கட்டியா மிதந்தா காலுல ஒட்டி தோலு புண்ணாகும். ஒரு ஆளு கம்பு வச்சுக் கலக்கிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா அடில ஒரு சூடு மேல ஒரு சூடு.

சுடலை: சுடுதண்ணிக்கு கணக்கு?

செல்வி சித்தி: அஞ்சு பங்கு பச்சத்தண்ணி, ஒரு பங்கு கொதிக்கிற தண்ணி. 39 வரும். 130 லிட்டருக்கு 22 லிட்டர் கொதிநீர். பச்சத்தண்ணிய மொதல்ல ஊத்தணும். ஆறிப்போனா மூணு லிட்டர் எடுத்துட்டு மூணு லிட்டர் கொதிநீர் விட்டா ஒண்ணரை டிகிரி ஏறும். உள்ள ஆளு நிக்கும்போது ஊத்தவே கூடாது. வாட்டர் ஹீட்டர் ராடு பக்கத்துலயே வரக்கூடாது, ஈரத்தரை. விறகடுப்புல அண்டா வைங்க.

கோமதி அத்தை: எந்த அண்டா?

கோமதி அத்தை: ஆச்சியோட செப்பு அண்டா இருந்தா ஒரே தடவைல கொதிச்சிரும். ஆச்சி பதினாறாம் நாளுக்கு அப்புறம் அத யாரும் பாக்கல.

ராஜாமணி பெரியப்பா: ஈயம் பூசக் குடுத்தேன்னு அப்பவே சொன்னேன்

கோமதி அத்தை: நாலு வருசமாவா அண்ணே ஈயம் பூசுதாவ

கார்த்தி: 😶

முருகன் மாமா: அண்டாவ அப்புறம் பாப்போம். செல்வி, 12 பேரும் இறங்க முடியுமா?

செல்வி சித்தி: நேரம் போதாது. அதிகம் ஆடுன எட்டு பேரு போதும். ஒருத்தன் குளிருக்கு மாறும்போது அடுத்தவன் சூட்டுல இறங்கணும். ஜோடிக்கு 18 நிமிஷம், எட்டு பேருக்கு ஒண்ணேகால் மணி. திண்ணைய ஒட்டி டிரம்ம வைங்க, களைச்ச காலோட ஏறுறவனுக்குக் கை குடுக்க ஆளு வேணும். இறங்குறதுக்கு முன்ன மண்ணு, வேர்வை போக மேலு கழுவணும். முட்டில சிராய்ப்பு இருக்கறவன் டிரம்முக்குள்ள வேண்டாம், ஒருத்தன் புண்ணு எல்லாருக்கும் சீழ் வைக்கும். அவனுக்குத் தனியா வாளில மொண்டு ஊத்துங்க. கணுக்கால் பிசகி வீங்கியிருந்தா ரெண்டு நாளைக்கு சுடுதண்ணியே ஆகாது.

சுடலை: மருந்து டிரம்மு ரெண்டு கடைல மலிவா கெடக்கு

செல்வி சித்தி: ஏலே, வேண்டாம். முன்ன என்ன கெமிக்கல் இருந்ததோ. எண்ணெய், ஊறுகாய் வந்த டிரம்மா பாரு. அப்புறம் காய்ச்சல் தெர்மாமீட்டர் உதவாது, இவ்வளவு குளிரக் காட்டாது. மீன் தொட்டிக்குப் போடுற தெர்மாமீட்டர் வாங்கு.

கார்த்தி: சித்தி, நான் ஜிம்முல தினமும் வெயிட் போட்டுட்டு ஐஸ்ல இறங்குதேன். சரிதானே?

செல்வி சித்தி: சதை ஏறணும்னா நிறுத்து. 2015ல ஆஸ்திரேலியால வந்த ஒரு ஆய்வு, 12 வாரம், பயிற்சிக்கப்புறம் 10 டிகிரில 10 நிமிஷம் இறங்குனவங்களுக்குத் தசையும் பலமும் கம்மியா தான் ஏறுச்சு. நாளைக்கே மறுபடி ஆடணும்ங்கறவனுக்குத் தான் இது. உனக்கு இல்ல.

கார்த்தி: 😳 சரி சித்தி

ராஜாமணி பெரியப்பா: மிச்சத் தண்ணில நானும் இறங்கலாம்லா. மூட்டுக்கு நல்லதுதானே

செல்வி சித்தி: அத்தான், வேண்டவே வேண்டாம். உங்களுக்குச் சுகர் இருக்கு, பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கு. சூடு தெரியாம வெந்து போகும். ஐஸ் தண்ணில சட்டுனு இறங்குனா மூச்சு வாங்கும், பிரஷர் குபீர்னு ஏறும். இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ஆபத்து. டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க.

ராஜாமணி பெரியப்பா: சரிம்மா

கோமதி அத்தை: அண்ணன் சும்மா இருக்காதுன்னு தெரியும். நான் பாத்துக்கிடுதேன் செல்வி.

செல்வி சித்தி: பாத்துக்கோங்க மைனி.

முருகன் மாமா: டிரம்மு சுடலை. தெர்மாமீட்டர் சுடலை. ஐஸ் மச்சான். கலக்க ஆளு?

சுடலை: கார்த்தி சனிக்கிழம ஊருக்கு வாரான்லா

கார்த்தி: பஸ் டிக்கெட் இன்னும் போடல

ராஜாமணி பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி அத்தை: என்ன அண்ணே அழிச்சிய?

ராஜாமணி பெரியப்பா: அண்டா பரண்ல தான் இருக்கு. சாவி உங்க மைனிட்ட. நாளைக்குக் கேட்டுச் சொல்லுதேன்

கோமதி அத்தை: எங்க வீட்டு இட்லிக் கொப்பரையும் கழுவி வைக்கேன். எதுக்கும்.