பதில்: கட்டடத்துக்குள் வழிகாட்டும் செயலி – சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

நாளை மாலைக்குள் தமிழ்ச் சொற்களைக் கொடுத்தாக வேண்டும். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கான செயலி. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ நோயாளிக்குத் துணையாக வருகிறவர், ஸ்கேன் எடுக்கும் இடத்தைக் கைபேசியைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அவரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

'இண்டோர் நேவிகேஷன்' என்பதற்கு மூன்று நாளாக ஒரே சொல்லைத் தேடுகிறோம். ஆனால் வேலை இரண்டு: ஆள் நிற்கும் இடத்தைக் கண்டறிவது, போக வேண்டிய வழியைக் காட்டுவது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் மெலிந்த அலை, கான்கிரீட் தளங்களைத் துளைத்து வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. அதனால் உள்ளே வைஃபை, புளூடூத் அலைகளின் வலுவை வைத்து இடத்தைக் கணிக்கிறார்கள்; எந்த மாடி என்பதற்குக் கைபேசியில் காற்றழுத்தமானி இருந்தால் அது உதவும். இதுவரை 'வழி' என்ற பேச்சே வரவில்லை. ஆகவே இது 'இடங்காணல்'. அப்புறம் வருவதுதான் 'வழிகாட்டல்'. இதற்குப் பெரும்பாலோர் சம்மதித்துவிட்டீர்கள்.

சிக்கல், 'கட்டடத்துக்குள்' என்பதைக் குறிக்கும் முன்னொட்டில். 'உள்ளிடங்காணல்' புணர்ச்சிப்படி சரி; தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும். ஆனால் 'உள்ளிடவும்' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றால் கண் தடுமாறும். 'இல்' என்றால் வீடு என்று 'இல்லிடங்காணல்' தந்தார் ஒருவர். 'இடம் இல்லை' என்றுதான் காதில் விழும். நோயாளியோடு வந்தவருக்கு அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

'அக ஆற்றுப்படை' எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு என்றால் வழி. கூத்தராற்றுப்படை எனப்படும் சங்க நூலான மலைபடுகடாம், எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும் என்பதுவரை சொல்லி அனுப்புகிறது. வழிகாட்டும் செயலி செய்ய வேண்டியதும் அதுதானே! ஆனால் 'ஆற்றுப்படுத்துநர்' இன்று மனநல ஆலோசகர். அதே மருத்துவமனையில் அவருக்கும் ஓர் அறை உண்டு. முன்னால் 'அகம்' சேர்ந்தால் மனம் என்றே எடுத்துக்கொண்டு, எலும்பு முறிவுக்கு வந்தவர் அந்த அறை வாசலில் போய் நிற்பார்.

கட்டடமா, கட்டிடமா என்பதைத் தனி இழையில் பேசுவோம். கட்டப்பட்டது கட்டடம், கட்டும் இடம் கட்டிடம் என்பதே என் பக்கம்.

இப்போதைக்குப் பொத்தானில் 'வழி காட்டு', உதவிப் பக்கத்தில் 'கட்டட இடங்காணல்' என்று போடுகிறேன். 'மனையிடங்காணல்' என்பதை விடமாட்டேன் என்கிற நண்பருக்கு: பழந்தமிழில் மனை என்றால் வீடு; உங்கள் பொருள் சரி. சென்னையில் மனை என்றால் விற்பனைக்குப் போட்ட காலி நிலம். நாளை மதியம்வரை காத்திருக்கிறேன், வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.