டியோர் பொம்மையாம்! 220 கிராமுக்கு இவ்வளவு பேச்சா?

சேற்றுச்சக்கரம்: "கோத்தகிரி ஏறுகிறவன் டியோர் போட்டால் அது பொம்மை சைக்கிள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டியோர் என்பது ஷிமானோவின் பட்ஜெட் மலைச்சைக்கிள் கியர் செட். 2020-இல் வந்த அதன் 12 கியர் மாடலை அவர் ஓட்டியாவது பார்த்தாரா? கேசட், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து, 10 பல்லிலிருந்து 51 பல் வரை. ஷிமானோவின் விலை உயர்ந்த எக்ஸ்டிஆரிலும் அதே 10-51, கேசட்டை மாட்டும் மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப்பும் அதே. மேடு ஏற்றுவது அந்த 51 பல்தான். விலைச்சீட்டு ஏற்றாது.

உச்சிமலை: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாமே? எக்ஸ்டிஆர் கேசட் சுமார் 370 கிராம். உங்கள் டியோர் 590-ஐத் தொடும். 220 கிராம் வித்தியாசம், அதுவும் பின்சக்கரத்தில்.

சாரல்: முதலில் ஒன்று சொல்லுங்கள். பட்ஜெட் என்றால் எந்த விலை வரை? டியோருக்கு அடுத்த மேல்படி எஸ்எல்எக்ஸ் எந்தப் பக்கம்?

சேற்றுச்சக்கரம்: 220 கிராம் ஒரு டம்ளர் தண்ணீர். பாட்டிலைக் கொஞ்சம் குறைத்து நிரப்பினால் கணக்கு தீர்ந்தது.

உச்சிமலை: பாட்டில் ஃப்ரேமில் இருக்கிறது. கேசட் சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கிறது. கல்லில் அடிக்கும்போது அந்த எடையும் சேர்ந்துதான் துள்ளும். இதுகூடத் தெரியாமல் பேச வந்துவிட்டீர்கள்.

சேற்றுச்சக்கரம்: உங்கள் வண்டி ஹார்ட்டெயில். படத்தை நீங்களே போட்டீர்கள். பின்னால் இல்லாத சஸ்பென்ஷனுக்குக் கீழே என்ன இருந்தால் என்ன?

உச்சிமலை: அது பழைய வண்டி. ஹார்ட்டெயிலிலும் 220 கிராம் 220 கிராம்தான்.

கடைத்தம்பி: அண்ணா, நான் பட்டறையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். டியோர் கேசட் முழுக்க ஸ்டீல். எக்ஸ்டிஆரில் பெரிய மூன்று பல்சக்கரமும் அலுமினியம், நடுவில் ஐந்து டைட்டானியம். மேட்டில் நாம் மிதிப்பதெல்லாம் அந்த அலுமினியத்தில்தான். சேறும் மணலும் சேர்ந்தால் அதுதான் முதலில் தேயும். மிச்சமாகும் காசை பிரேக்கிலும் டயரிலும் போடுங்கள். இறக்கத்தில் உயிரைக் காப்பது அவைதான்.

உச்சிமலை: செயினைத் துடைக்காதவனுக்கு எதுவும் தேயும், தம்பி. நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு துடைக்கிறேன்.

சேற்றுச்சக்கரம்: துடைத்தால் அலுமினியம் ஸ்டீல் ஆகிவிடுமா? சரி, இன்னொன்று. பின்னால் கியர் மாற்றும் டிரெய்லியர் பாறையில் இடித்து முறிந்தால் பாறை என்ன மாடல் என்று கேட்காது. டியோர் முறிந்தால் வேறு வாங்கி மறுவாரமே ஓட்டலாம். எக்ஸ்டிஆர் முறிந்தால் எத்தனை மாதம் சேர்க்க வேண்டும்? நான் பிரேக்கை இன்னும் வலுவாகப் பிடிக்கும் நான்கு பிஸ்டனாக மாற்றியது டியோரில் மிச்சம் பிடித்த காசில்தான். தேயிலைத் தோட்டத்து மண்பாதையில், மழை விட்டதும் இறங்கிப் பாருங்கள், எது முக்கியம் என்று தெரியும். இதையேதான் டியூப்லெஸ் டயர் சண்டையிலும் சொன்னேன், அன்றும் நீங்கள் கேட்கவில்லை.

உச்சிமலை: டியூப்லெஸ்ஸை ஏன் இழுக்கிறீர்கள்? முள் குத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சேற்றுச்சக்கரம்: முள் இல்லை, ஆணி. டயருக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் காய்ந்திருந்தது. அதற்கும் கேசட்டுக்கும் என்ன தொடர்பு?

சாரல்: நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. டியோருக்கும் எக்ஸ்டிஆருக்கும் நடுவில் எக்ஸ்டி இருக்கிறது, அலுமினியம் இரண்டு சக்கரத்தில் மட்டும்தான். எஸ்எல்எக்ஸில் ஒன்றுதான்.

உச்சிமலை: நடுவில் நிற்பவர்கள் எடையும் குறைக்க மாட்டார்கள், காசும் மிச்சம் பிடிக்க மாட்டார்கள். 220 கிராம்.

சாரல்: நான் எக்ஸ்டிதான் ஓட்டுகிறேன். இது தேவையில்லாத பேச்சு.

கடைத்தம்பி: அண்ணா, தேய்மானத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

சேற்றுச்சக்கரம்: வராது தம்பி. அவரிடம் இருப்பது ஒரே எண். எக்ஸ்டிஆர் கேசட்டைக் கழற்றி அந்த 51 பல் சக்கரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடச் சொல், பார்ப்போம்.

உச்சிமலை: படம் நாளைக்கு வரும். தராசில் வைத்தே எடுக்கிறேன்.

சேற்றுச்சக்கரம்: தராசு வேண்டாம். பல்லைக் காட்டுங்கள்.