மட்டக்களப்பு – ரொறன்ரோ: தூரம் எவ்வளவு, போய்ச்சேர எவ்வளவு நேரம்?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து நான்கு ஊர் ஆக்கள் சொல்வது இது.

கல்லடியிலிருந்து ஒருவர்:
பிளேன் ஏறுவது கட்டுநாயக்கா எயார்போட்டில். அங்கிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீற்றர். பிளேன் மணிக்கு 900 ஓடும் என்று வகுத்தால் பதினைந்தரை மணித்தியாலம் வரும். இன்டர்நெட்டில் காட்டுவது இந்தக் கணக்குத்தான். அதை நம்பி ஆக்களை வரவேற்கப் போகவேண்டாம், அப்படி நேரே போகும் பிளேன் கிடையாது. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அந்தக் கோடு மேற்கே போகாது, வடக்கே ஏறி ஆர்க்டிக் பக்கத்தால் இறங்கும்.

கத்தாரிலுள்ள தோஹாவில் பிளேன் மாறிப் போனால் முதல் பறப்பு 3,600 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். அடுத்தது ஏறக்குறைய 10,900, பதினான்கு மணித்தியாலம். போகும்போது எதிர்க்காற்று. திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் தள்ளுவதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

காத்தான்குடியிலிருந்து:
ரிக்கற்றில் இருக்கும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். ஜூன் மாதத்தில் அதிகாலை 4.00க்கு ஏறி, தோஹாவில் இரண்டு மணித்தியாலம் நின்று, ரொறன்ரோவில் அன்றே பிற்பகல் 3.30க்கு இறங்குவதாக வைப்போம். பார்வைக்குப் பதினொன்றரை மணித்தியாலம். கோடையில் நேர வித்தியாசம் ஒன்பதரை, அதைக் கூட்டுங்கள்: இருபத்தொன்று. குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை.

கல்முனையிலிருந்து:
ஆக்கள் பிளேனைத் தவறவிடுவது திகதியில்தான். 10ஆம் திகதி அதிகாலை 4.00 என்றால் வீட்டிலிருந்து வெளிக்கிடுவது 9ஆம் திகதி. 10ஆம் திகதி இரவு வான் பிடித்தால் பிளேன் போய் முழு நாள் ஆகியிருக்கும்.

மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ள, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்காவுக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம் வையுங்கள். கல்முனை ஆக்கள் இன்னும் ஒன்று கூட்டவேண்டும். மட்டக்களப்பு ஆக்களுக்கு, இரவு பன்னிரண்டு மணிக்கு அங்கே நிற்க மாலை 5 மணிக்கு வெளிக்கிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் வெலிக்கந்த, மின்னேரியா பக்கம் பொழுதுபட்டால் றோட்டில் யானை. பகல் 1 மணிக்கே வெளிக்கிட்டால் வெளிச்சத்தோடு ஹபரணயைத் தாண்டலாம். மறுகா எயார்போட்டில் காத்திருப்பது பரவாயில்லை, கவுண்டர் மூடியபின் நிற்பதுதான் கொடுமை. பெரும்பாலும் பிளேன் வெளிக்கிட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள்.

ஆரையம்பதியிலிருந்து:
மலிவென்று இரண்டு தனி ரிக்கற் எடுப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். முதல் பிளேன் பிந்தினால் இரண்டாவது கம்பனி பொறுப்பெடுக்காது. நடுவில் இறங்கிப் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேண்டி வரும், அதற்கு அந்த நாட்டு விசாவும் கேட்கலாம். வயதான அம்மா அப்பா தனியாகப் போகிறார்கள் என்றால் இன்னும் கவனம். ஒரே ரிக்கற்றாக எடுத்து, நடுவில் இரண்டரை மணித்தியாலமாவது விடுங்கள், சக்கர நாற்காலி உதவியைப் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

கவுண்டரில் பெட்டியில் ஒட்டும் பட்டியை வாசியுங்கள். கடைசி இடமாக ரொறன்ரோவின் குறி, வை வை இசட் (YYZ), இருக்கவேண்டும். தோஹாவின் குறி மட்டும் இருந்தால் பெட்டி உள்ளே போகமுதல் நிறுத்திக் கேளுங்கள்.