இன்னொரு ஜிடிஎக்ஸ் 1070 சேர்ப்பதா, ஒரே புதிய கார்டு வாங்குவதா?

கோடைமழை:
வணக்கம். என் கணினியில் ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), 8 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1070 கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை உள்ளன. அண்மையில் கூடுதல் தெளிவுள்ள 1440பி மானிட்டருக்கு மாறியதிலிருந்து புதிய விளையாட்டுகள் திணறுகின்றன. நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள இதே மாடல் கார்டைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்திருக்கிறார். அதை வாங்கி, இரண்டு கார்டுகளைச் சேர்ந்து இயங்கவைக்கும் எஸ்எல்ஐ முறையில் இணைத்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கார்டு நினைவகமும் 16 ஜிபி ஆகும் என்று எண்ணுகிறேன். அல்லது கையில் இருப்பதை விற்றுவிட்டு, மேற்கொண்டு பணம் போட்டு ஆர்டிஎக்ஸ் 4060 வாங்குவது நல்லதா? கணினியை விளையாடுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

ரிப்பன் கேபிள்:
முதலில் மதர்போர்டைப் பாருங்கள். பலகையின் இணைப்புகளை நிர்வகிக்கும் பி450 சிப்செட்டில் எஸ்எல்ஐ ஆதரவு கிடையாது. பிராசஸரின் 16 லேன்களை (தரவுப் பாதைகளை) எட்டு எட்டாகப் பிரித்து, கார்டு செருகும் இரண்டு ஸ்லாட்டுகளுக்குக் கொடுக்கும் வசதி எக்ஸ்470 போன்ற பலகைகளில்தான் உண்டு. உங்கள் பலகையில் நீளமான ஸ்லாட் இரண்டு தெரிந்தாலும், இரண்டாவது பெரும்பாலும் சிப்செட் வழியாக நான்கு லேன்களில் ஓடுவதாகவே இருக்கும். ஆகவே நண்பரின் கார்டு இலவசமாகவே கிடைத்தாலும் மதர்போர்டு, இரண்டு கார்டுகளையும் இணைக்கும் எஸ்எல்ஐ பிரிட்ஜ், பெரிய எஸ்எம்பிஎஸ் என்று செலவு நீளும். ஒரு 1070க்கு 150 வாட் என்றால் இரண்டுக்கு 300 வாட்; 4060க்கு மொத்தமே 115 வாட்தான்.

பழைய பிட்:
மேலே சொன்னது சரி. ஆனால் மதர்போர்டு ஒத்துழைத்தாலும் இந்த யோசனை இன்று எடுபடாது என்பதற்கான காரணங்களையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது.

1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகள் இரண்டை இணைத்தபோது, திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டும் பங்கிட்டு வரைந்தன. 2004இல் என்விடியா மீட்டுக் கொண்டுவந்த எஸ்எல்ஐ பெரும்பாலும் வேறு விதமாக இயங்கியது: ஒரு ஃபிரேமை (திரையில் தோன்றும் ஒரு முழுப் படத்தை) முதல் கார்டும், அடுத்த ஃபிரேமை இரண்டாவது கார்டும் மாறி மாறி வரையும். தன் பங்கு ஃபிரேமை முழுவதுமாக வரைய வேண்டியிருப்பதால் ஒவ்வொரு கார்டும் எல்லாத் தரவையும் தன்னிடமே வைத்திருக்க வேண்டும்; எனவே இரண்டு 8 ஜிபி கார்டுகளைச் சேர்த்தாலும் விளையாட்டுக்குக் கிடைப்பது 8 ஜிபிதான்.

வேகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 16.7 மில்லிநொடி இடைவெளியில் வர வேண்டும். இரண்டு கார்டுகளும் சீராக ஒத்துப்போகாதபோது ஒன்று 8 மில்லிநொடியிலும் அடுத்தது 25 மில்லிநொடியிலும் வந்து சேரும். சராசரி மாறாது, மூலையில் தெரியும் எண்ணும் 60 என்றே காட்டும், ஆனால் கண்ணுக்குப் படம் குலுங்கும். தவிர, ஒவ்வொரு ஃபிரேமும் உருவாக எடுக்கும் நேரம் குறையாததால், மவுஸை அசைத்ததும் திரை பதிலளிப்பதில் ஒற்றை வேகமான கார்டு தரும் உணர்வு இதில் கிடைக்காது.

எஸ்எல்ஐக்கு முடிவு கட்டியது விளையாட்டுகள் மாறிய விதம்தான். படத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் டிஏஏ, குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற உத்திகள் முந்தைய ஃபிரேம்களின் தரவைக் கொண்டே புதிய ஃபிரேமைச் செப்பனிடுகின்றன. அந்த முந்தைய ஃபிரேமோ அடுத்த கார்டின் நினைவகத்தில் கிடக்கிறது. அது வந்து சேரும்வரை இந்தக் கார்டு காத்திருந்தால் இரண்டு இருந்தும் என்ன பயன்? விளையாட்டுகள் கார்டோடு பேச உதவும் மென்பொருள் இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 12 வந்தபின் பல கார்டுகளைக் கையாளும் பொறுப்பு விளையாட்டை உருவாக்குவோரிடமே போனது. ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர் போன்ற சிலவற்றைத் தவிரப் பெரும்பாலானோர் அந்த வேலையைத் தொடவில்லை. 2021 ஜனவரி 1 முதல் என்விடியா விளையாட்டுகளுக்கான புதிய எஸ்எல்ஐ புரொஃபைல்களை (அமைப்புகளை) டிரைவரில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. 4060 இடம்பெறும் 40 வரிசை கார்டுகளில், இரண்டு கார்டுகளை இணைக்கும் முனையே இல்லை.

1070க்கும் வயதாகிவிட்டது. ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரைதல்) வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கும் 2024ஆம் ஆண்டின் இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, இப்படிப்பட்ட கார்டுகளை எத்தனை சேர்த்தாலும் ஓடாது. 2025 அக்டோபரோடு இந்த வரிசைக்கான வழக்கமான விளையாட்டு டிரைவர்களும் நின்றுவிட்டன. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்.

முப்பரிமாணி:
இரண்டு கார்டு என்றாலே வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் படங்களை ரெண்டர் செய்பவர்களுக்கு (வரைந்து முடிப்பவர்களுக்கு) இரண்டாவது கார்டு நேரத்தை நன்றாகவே குறைக்கிறது. வீட்டுக் கணினியில் ஏஐ மொழி மாதிரிகளை இயக்குபவர்கள் மாதிரியின் அடுக்குகளை இரண்டு கார்டுகளுக்கும் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்னும் மென்பொருளைக் கொண்டு, ஒரு கார்டில் விளையாட்டை ஓட்டி, இடைப்பட்ட ஃபிரேம்களை இன்னொரு கார்டில் உருவாக்குவோரும் உண்டு. ஆனால் இது எஸ்எல்ஐ அன்று. உங்கள் தேவை விளையாட்டு மட்டுமே என்பதால் நானும் ஒற்றைக் கார்டையே சொல்வேன்.

கோடைமழை:
விளக்கங்களுக்கு நன்றி. நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பலகையில் 4060 போடுவதில் ஏதேனும் தடை உண்டா?

ரிப்பன் கேபிள்:
தடை இல்லை, ஆனால் ஒரு குறை உண்டு. 4060 எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்தும். உங்கள் பிராசஸர், கார்டு இணைப்புத் தரமான பிசிஐஇயின் 4.0 பதிப்பை அறிந்தது என்றாலும் பி450 பலகை 3.0 வேகத்தில்தான் ஓடும். அதாவது நொடிக்குச் சுமார் 16 ஜிபி செல்ல வேண்டிய பாதையில் 8 ஜிபிதான் செல்லும். கார்டின் 8 ஜிபி நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. 1440பியில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை உச்சத்தில் வைத்து நினைவகம் வழியத் தொடங்கினால் அப்போது கடிக்கும்.

டெக்ஸ்சரைக் குறைக்க மனமில்லை என்றால் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060ஐயும் விசாரியுங்கள். வேகத்தில் 4060க்குச் சற்றுப் பின்னால்தான். ஆனால் 16 லேன்களையும் பயன்படுத்தும், அதன் 170 வாட்டை உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்கும். வாங்கும்போது பெட்டியின் மேல் 12 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே 3060 பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைக்கப்பட்டது.